மைதானம் திறந்திருந்தது, சலூன் பூட்டியிருந்தது

1

உயிரோடு இருக்கிறேன் என்பதை ஆண்டுக்கு ஒரு முறை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன். இலங்கை அரசின் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது விதி. தூதரகத்துக்குப் போய், ஓர் அலுவலருக்கு முன்னால் நின்று, உயிர்வாழ்ச் சான்றிதழில் கையொப்பமிட வேண்டும். மூச்சு விடுவது மட்டும் போதாது. அதற்கு முத்திரை வேண்டும். இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. முப்பத்துநான்கு வருடம் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இந்த மாதிரிப் படிவங்களை மற்றவர்களிடம் கேட்டு வாங்கியவன் நான். இலிகிதராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றேன். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் எத்தனை நாள் தாமதமாகும் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

இந்த வருடத்துப் படிவம் போன கிழமை வந்தது. தூதரகத்துக்குப் போவதென்றால் முதலில் தலைமயிர் வெட்ட வேண்டும். காதை மூடி, சட்டைக் கழுத்தைத் தொடுகிறது. வழக்கம்போல பஸ் ஏறி இந்த நகரத்தின் மறுபக்கம் போய் வெட்டிக்கொண்டு வரலாம். இத்தனை வருடமும் அப்படித்தான். இந்த முறை கால் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் அதைப் பேச ஆளில்லை.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் தெரு முனையில் இருக்கும் உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து சத்தம் எழும். இங்கிலாந்தின் பெரிய கழகம் ஒன்றும் இல்லை. நாலாம் தரத்து அணி. ஆனால் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள், அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். மைதானத்தின் வாசலுக்கு நேர் எதிரே, இப்போது கோப்பி விற்கும் கடை இருக்கிறதே, அது முன்பு என் மகள் மேனகாவின் சலூன்.

2

மேனகா எங்கள் ஒரே பிள்ளை. கணக்கியல் படித்தவள். இங்கே ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலையில் இருந்தாள். என் மனைவி காலமான பிறகு என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். நான் வந்து இரண்டு வருடத்தில் அவளுடைய புருசன் பிரிந்து போனான். அதற்கு அடுத்த வருடம் நிறுவனம் மூடப்பட்டது. கைக்குழந்தையாக இருந்த பேத்தி ஆதிராவை என்னிடம் விட்டுவிட்டு, ஒன்றரை வருடம் முடி வெட்டப் படித்தாள். பிறகு அந்தக் கடையை எடுத்தாள். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, வாசலில் ஒரு மணி.

ஊருக்கு நான் இதைச் சொல்லவில்லை. களுதாவளையில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "சுகாதாரத் துறைப் பக்கம்" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. சலூனுக்கும் சுகாதாரப் பிரிவில் பதிவு இருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என் அப்பா போடியார், ஊரின் நிலக்காரர். பத்து ஏக்கர் வயலுக்கு இருபது ஏக்கர் வீறாப்பு. எங்களுக்கு முடி வெட்ட வருபவர் பின்பக்க வேலியோரமாக வருவார். அவருக்கென்று ஒரு கோப்பை வேலிக்கம்பில் கவிழ்த்திருக்கும். வெட்டி முடிந்ததும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக் குளித்த பிறகுதான் நாங்கள் வீட்டுக்குள் வரலாம். நான் படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், மேடைகளில் சமத்துவம் பற்றிப் பேசவும் செய்தேன். ஆனால் மேனகாவின் கடையில் ஒரு நாளும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. அவள் நாலைந்து தரம் கேட்டாள்.

"வாங்கப்பா, அஞ்சு நிமிசம். காசு வேண்டாம்."

"உனக்கு வாடிக்கையாளர் காத்திருப்பாங்க."

"ஒருத்தரும் இல்ல. கதிரை சும்மாதான் கிடக்கு."

நான் பஸ் ஏறி நகரத்தின் மறுபக்கம் போனேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

3

பிறகு கொரோனா வந்தது. அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் அதே நோய், அதே ஊரடங்கு. எங்கே என்ன திறக்கும் என்பதில்தான் உலகம் முழுவதும் வேடிக்கை நடந்தது.

இங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு பட்டியல் போட்டார்கள். நான் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோவை ஒன்றில் அடுக்கிக் கட்டி வைத்தேன். கட்டட வேலை நடக்கலாம். சைக்கிள் கடை திறக்கலாம். மதுக்கடை திறக்கலாம். சலூன் கூடாது. நெருங்கித் தொடும் தொழில் என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம். ஆனால் அதே குளிர்காலத்தில், அதே பட்டியலின் வேறொரு பக்கத்தில், தொழில்முறை விளையாட்டுக்கு விலக்கு இருந்தது. இருபத்திரண்டு ஆம்பிளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழலாம், கட்டிப் பிடிக்கலாம், கோல் அடித்தால் முத்தமும் கொடுக்கலாம். அவர்களுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் பரிசோதனை நடந்தது. மேனகா பூட்டிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, எதிரே வீரர்களின் பஸ் வருவதையும் பரிசோதனைக் கூடாரம் போடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அவங்களுக்கு மூக்குக்குள்ள குச்சி விடுறதுக்கு ஆள் இரிக்கு," என்றாள் ஒரு நாள். "எனக்கும் அந்தக் குச்சிய விட்டுப் பாத்திட்டுத் திறக்க விடலாம்தானே?"

"அதுக்கு ஒழுங்குவிதியில இடமில்லை."

"உங்கட ஒழுங்குவிதி." அவள் சிரிக்கவில்லை.

அக்கா தொலைபேசியில் சொன்ன கதையும் அதேதான். அவளுடைய மகன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். ஹோட்டல் பூட்டி மாதக்கணக்கு. வெளிநாட்டுக் கிரிக்கெட் அணிக்கோ விமானம் வந்தது, மாடி மாடியாக ஹோட்டல் ஒதுக்கினார்கள், ஆளில்லாத மைதானத்தில் ஆட்டம் நடந்தது, தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

"என்ட பொடியன் மீன் பொரிச்ச நேரத்துக்குப் பந்து பொறுக்கப் பழகியிருந்தானெண்டா இண்டைக்குச் சம்பளம் வந்திரிக்கும் தம்பி," என்றாள். "சமையல்காரனுக்குத்தான் கொரோனா ஒட்டும் போல. துடுப்புப் பிடிச்சவனுக்கு ஒட்டாது."

நான் சிரித்தேன். விளையாட்டைத் திறந்தவர்களிடமும் ஒரு வாதம் இருந்தது. முடங்கிக் கிடக்கும் சனத்துக்கு ஏதாவது பார்க்கக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் இருந்தன. மேனகாவின் இரண்டு நாற்காலியை யாரும் ஒளிபரப்பவில்லை.

4

தை மாதத்தில் ஒரு நாள் டெரி வந்தார். டெரி அந்தக் கழகத்தின் உடைப் பொறுப்பாளர்; வீரர்களின் சப்பாத்து, காற்சட்டை, துவாய் எல்லாம் அவர் பொறுப்பு. அறுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர். மேனகாவின் பழைய வாடிக்கையாளர், அவருக்குத் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லாவிட்டாலும். கடை வாசலில் இரண்டு மீற்றர் தள்ளி நின்று பேசினார். நான் உள்ளே கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பொடியன்களின் தலையைப் பார்த்தாயா மேனகா? ஆட்டுக் கூட்டம் மாதிரி இருக்கிறான்கள். கமரா கிட்ட வந்தால் ஓடி ஒளிகிறான்கள்."

"வெட்டக் கூடாதே."

"எங்களுடைய பட்டியலில் மசாஜ் செய்கிறவர் இருக்கிறார். சமையல்காரர் இருக்கிறார். புல் வெட்டுகிறவர்கூட இருக்கிறார். புல் வெட்டலாம், முடி வெட்டக் கூடாதா? உன்னையும் துணைப் பணியாளர் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் மனேஜர். உனக்கும் பரிசோதனை செய்வார்கள். வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் வந்துவிட்டுப் போ."

"துணைப் பணியாளர் என்று எழுத்தில் தருவார்களா?" என்று உள்ளேயிருந்து நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

டெரி என்னை எட்டிப் பார்த்தார். "எழுதாமல் இருப்பதுதான் ஐயா இதில் உள்ள அழகு," என்றார்.

மேனகா போனாள். இரண்டு வியாழக்கிழமைகள். மூக்கில் குச்சி விட்டு, முகக்கவசம் போட்டு, உடை மாற்றும் அறையின் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டினாள். இரண்டாவது வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொல்லத் தொடங்கினாள்.

"அப்பா, ஒரு கத கேளுங்க. அந்தக் கோல் காப்பாளர் இரிக்கிறான்தானே, ஆறரை அடி. பந்து முகத்தில வந்து அடிச்சாலும் அசைய மாட்டான். நான் மெஷினப் பின்கழுத்தில வெச்சதும் கூசுதாம், சின்னப் புள்ள மாதிரி நெளியிறான். மத்தவனெல்லாம் கைதட்டிச் சிரிக்கிறானுகள்."

அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சனிக்கிழமை தொலைக்காட்சியில் ஆட்டம் காட்டினார்கள். ஆளில்லாத இருக்கைகள், எதிரொலிக்கும் விசில். மேனகா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தா, ஏழாம் இலக்கம். அந்தப் பின்பக்கம் என்ட கை. இவன் பாரு, இவனுக்குப் பக்கத்தில கோடு போட்டது நான்."

வாடிக்கையாளர் வருவார்கள், கழகம் தொடர்ந்து கூப்பிடும், கோடை வரைக்கும் கடையைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அதை நான் அறிந்திருந்தேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

5

அடுத்த நாள் அக்கா தொலைபேசி எடுத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மேனகாவுக்கு உதைபந்தாட்டக் கழகத்தில வேலை கிடைச்சிருக்கு அக்கா."

"மெய்யாவா? என்ன வேலடா?"

"வீரர்களைப் பராமரிக்கிற பகுதி."

"நல்லதுதானே! நியமனக் கடிதம் குடுத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல அக்கா."

"என்னடா, கடிதம் இல்லாமலா போறாள்? நீ கச்சேரியில இரிந்தவன். ஒரு கடிதம் வாங்கிக் குடுக்க ஏலாதா உனக்கு?"

எங்கள் பகுதியில் வேலை என்றால் நியமனக் கடிதம். கடிதம் இல்லாமல் செய்வது கூலி. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். என் மகள் முடி வெட்டுகிறாள் என்பதை இனி மறைக்கத் தேவையில்லாதபடி, கழக முத்திரை அடித்த தாள் ஒன்று என் கண் முன்னால் வந்து நின்றது. துணைப் பணியாளர், வீரர் பராமரிப்பு. அதை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். களுதாவளை முழுக்கப் பார்க்கும்.

மேனகாவிடம் சொன்னேன், ஒரு அனுமதி எடுத்து வைப்பது பாதுகாப்பு என்று. காரணத்தின் மற்றப் பாதியைச் சொல்லவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஒண்டும் எழுதப்படாது. விளங்கிச்சா? ஒருத்தருக்கும் ஒண்டும் எழுதப்படாது."

"சரி."

"சரியெண்டு சொல்லாதீங்க. எழுத மாட்டன் எண்டு சொல்லுங்க."

"எழுத மாட்டன் புள்ள."

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை, அவள் ஆதிராவின் இணையவழிப் பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம், எழுதினேன்.

6

நல்ல கடிதம் அது. இப்போதும் சொல்வேன். இரண்டு பக்கம், ஏழு பந்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம். மாநகர சபையின் அனுமதிப் பிரிவுக்கு விலாசமிட்டேன். தொழில்முறை விளையாட்டுக்கான விலக்கில் அதற்குத் துணையாக வேலை செய்பவர்களும் அடங்குவார்கள் என்பதைப் பந்தி இரண்டில் மேற்கோள் காட்டினேன். முடி வெட்டுபவரும் அதில் அடங்குவார் என்பதற்கான தர்க்கம் பந்தி மூன்றில். நடந்ததை மறைக்கக் கூடாது என்பது அரச கடிதத்தின் முதல் விதி. ஆகவே பந்தி நான்கில் எழுதினேன்: மேற்படி சேவை ஏற்கனவே இரண்டு வியாழக்கிழமைகளில், பரிசோதனைக்குப் பின்னர், மேற்படி கழகத்தின் வளாகத்தில் வழங்கப்பட்டுள்ளது.

கடைசியில், கையொப்பத்துக்குக் கீழே, இடது பக்கம், பிரதிகள்.

பிரதி போடாத கடிதம் எங்கள் கச்சேரியில் வெளியே போகாது. பிரதி என்பது கவசம். பிறகு யாராவது தெரியாது என்று சொல்லக் கூடாது. எழுதியவன் மேல் பிழை விழக் கூடாது. என் கை தானாக எழுதியது. ஒன்று, கழகச் செயலாளர், தகவலுக்காக. இரண்டு, அந்தத் தரத்து ஆட்டங்களை நடத்தும் சங்கத்தின் அலுவலகம், தகவலுக்காக. மூன்று, கட்டட உரிமையாளர், தகவலுக்காக.

நாலும் ஒரே நாளில் போனது. பதிவுத் தபால்.

ஒவ்வொரு பிரதியும் தன் வேலையைச் செய்தது. சங்கத்துக் கடிதம் கழகத்துக்குப் போனது. கழகம், அப்படியொரு பெண்ணைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றது. மேனகா டெரிக்கு எடுத்த அழைப்புக்குப் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் அவர் தெருவில் எங்களைக் கண்டு மறுபக்கம் மாறினார்.

மாநகர சபையிலிருந்து ஒரு இளம் பெண் அலுவலர் வந்தார். கடை வாசலில் தள்ளி நின்றுகொண்டு, மிகவும் பண்பாகப் பேசினார். அவர் கையில் என் கடிதம்.

"இது உங்கள் அப்பா எழுதியதா?" என்று மேனகாவிடம் கேட்டார். "எங்கள் அலுவலகத்துக்கு இவ்வளவு தெளிவான கடிதம் வந்ததே இல்லை. நாங்கள் விசாரிக்க ஒன்றுமே மிச்சமில்லை."

அவர் கேலி செய்யவில்லை. மெய்யாகவே பாராட்டினார். பிறகு ஒரு தடை அறிவித்தலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறிவித்தலோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதங்களில் வாடகை பிந்தினாலும் கடைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று இங்கே ஒரு பாதுகாப்பு இருந்தது. அது வாடகைக்கு மட்டும். சட்டத்தை மீறினால் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற பந்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டட உரிமையாளருக்கு வேறு ஆள் தயாராக இருந்திருக்க வேண்டும். அவருடைய சட்டத்தரணியின் கடிதம் ஒரே பக்கம். அதில் என் பந்தி நான்கை, ஒரு எழுத்தும் மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். ஒப்புதல் வாக்குமூலம் என்று பெயரும் வைத்திருந்தார். சரியான நடைமுறை. என்னிடம் அந்தக் கோவை வந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மேனகா என் கடிதத்தை நின்றபடி இரண்டு பக்கமும் வாசித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"பிரதி எண்டு மூண்டு பேருக்குப் போட்டிருக்கீங்க," என்றாள். "நாலாவதா எனக்கும் ஒண்டு போட்டிருக்கலாமே அப்பா."

7

இதற்கு முன்னும் ஒரு தடவை இதைச் செய்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு அதை மறைப்பது நேர்மையில்லை.

யுத்த காலம். வாவியில் மீன் பிடிக்கத் தடை. அதே மாதத்தில் நகரத்தின் மைதானத்தில் ஒரு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்தார்கள். நாட்டில் எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்ட விளையாட்டு வேண்டியிருந்தது. அந்தக் கோவை என் மேசைக்குக் காலையில் வந்து, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஐந்து கையொப்பத்தோடு திரும்பிப் போனது. ஒலிபெருக்கிக்கு அனுமதி, வெள்ளைக் கோடு போடச் சுண்ணாம்புக்கு அனுமதி, வீரர்களுக்குச் சோடாவுக்குக்கூட ஒரு அனுமதி.

அன்று பின்னேரம் குருக்கள்மடத்து இராசையா வந்தார். வீச்சுவலைக்காரர். அவர்களுடைய வாவிக்கரைத் துறையில் கரையோரம் மட்டும், பகலில் மட்டும், முப்பது நாற்பது குடும்பங்கள் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். காவலில் நின்றவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். இராசையாவுக்குப் பயம், என்றைக்காவது ஒரு புது ஆள் காவலுக்கு வந்தால் என்ன செய்வது என்று. கையில் வைத்துக்கொள்ள ஒரு கடிதம் கேட்டார்.

அந்த நாளில் என் சொந்தக்காரர் யாராவது அப்படிக் கேட்டு வந்தால், நடைக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொல்வேன்: "எழுத்தில குடுக்காதீங்க. கேட்டா இல்லையெண்டுதான் பதில் வரும். பேசாம இரிங்க." இராசையா எனக்குச் சொந்தமில்லை. விண்ணப்பத்தை வாங்கினேன். இலக்கமிட்டேன். மூன்று இடத்துக்குப் பிரதி போட்டேன், பாதுகாப்புப் பக்கத்துக்கும் ஒன்று. கேள்வி எழுத்தில் வந்தபடியால் பதிலும் எழுத்தில் வர வேண்டியதாயிற்று. பத்து நாளில் அந்தத் துறையின் பெயரைக் குறிப்பிட்டே தடை வந்தது. கரையோரமும் இல்லை, பகலும் இல்லை.

இராசையா திரும்பி வந்தார். நான் எழும்பவில்லை, அவரை இருக்கச் சொல்லவும் இல்லை.

"ஐயா, நான் கேட்டது எனக்கு ஒரு கடிதம்," என்றார். "நீங்க எங்கட துறைக்கே குடுத்திட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே மைதானத்தில் ஒலிபெருக்கி கோல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கோவையைக் கட்டி அலுமாரியில் வைத்தேன்.

எழுதிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த உலகத்தில் யாராவது அறிந்திருந்தால் அது நான். பிறகு ஏன் எழுதினேன்? இது வெள்ளைக்காரன் நாடு, இங்கே எழுதிக் கேட்டால் நியாயமான பதில் வரும் என்று நம்பினேன் என்று முன்பெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு பாதிதான். ஒரு முத்திரைத் தாளுக்காக எழுதினேன். அக்காவுக்கு அனுப்புவதற்காக. என் மகளின் தொழிலுக்கு வேறு பெயர் வாங்குவதற்காக.

8

மேனகா சாவியைக் கொடுத்து மூன்றாவது கிழமை, சலூன்கள் திறக்கலாம் என்று அறிவித்தார்கள். நாற்காலிகளை ஏற்கனவே விற்றாயிற்று.

இப்போது அவள் நகரத்துக்கு வெளியே ஒரு பொதிக் களஞ்சியத்தில் வேலை செய்கிறாள். பெட்டிகள் ஓடி வரும். இலக்கத்தைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். கையுறை போட்டும் விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன. வேறு கடை எடுக்கலாமே என்று ஒரு முறை சொன்னேன். "தடை அறிவித்தல் வந்த ஆளுக்கு யாரு தருவா?" என்றாள். அதற்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை நான் கேட்டு வாங்கவில்லை.

என்னை அவள் குறைவாக வைத்திருக்கவில்லை. மருந்து நேரத்துக்கு வருகிறது. சோறும் சொதியும் மூடி வைத்திருக்கிறது. "சாப்பிட்டீங்களா", "குளிருதா", "கதவைப் பூட்டினீங்களா". எல்லாம் விசாரணைப் படிவத்துக் கேள்விகள். ஓம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். ஒரு கதை சொல்லுறன் கேளுங்க என்று அவள் பிறகு சொன்னதே இல்லை.

ஆதிரா வளர்ந்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். சனிக்கிழமைகளில் கழகத்தின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சிநேகிதிகளோடு எதிரே இருக்கும் மைதானத்துக்குப் போகிறாள். அவளுடைய தாய் அந்த வாசல் வழியாக உள்ளே போய் வந்த கதை அவளுக்கு நினைவில்லை. மேனகா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்கா போன வருடம் காலமானாள். கடைசி வரை கேட்டாள், நியமனக் கடிதம் வந்ததா என்று. வந்தது என்றேன்.

போன கிழமை உயிர்வாழ்ச் சான்றிதழ்ப் படிவம் வந்தபோது, எழுபத்தெட்டு வயதில் எனக்கு ஒரு துணிவு வந்தது. மேனகா சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மகள், தூதரகத்துக்குப் போகவேணும். தலை காடு மாதிரிக் கிடக்கு. நீ ஒருக்கா வெட்டி விடுறியா?"

அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். திரும்பவில்லை.

"என்னட்ட நீங்க ஒருநாளும் வெட்டினதில்லையே."

"இல்ல."

"ஏன் இப்ப?"

அதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் இருந்தன. என் கண் அலுமாரிப் பக்கம் போனது. கத்தரியும் மெஷினும் அலுமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அவள் அவற்றை விற்கவில்லை. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

தேநீரை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது சொன்னாள்: "எழுதிக் கேளுங்க அப்பா."

பகிடியாக இருக்கும் என்று அவள் முகத்தைத் தேடினேன். அதற்குள் மாடிப்படி ஏறிவிட்டாள்.

எழுதினேன். ஒரே பந்தி. ஐயா, அம்மணி, மேற்படி, தாழ்மையுடன் எதுவும் இல்லாமல். மகள், நீ செய்த தொழிலை ஊருக்கு மறைத்தேன், அதற்காகவே அந்தக் கடிதத்தை எழுதினேன், உன் கையால் ஒரு தடவை முடி வெட்டிக்கொள்ள வேண்டும். கையொப்பம் வைத்தேன். கீழே, இடது பக்கத்தில், என் கை பழக்கத்தில் பிரதி என்று எழுதி ஒரு கோடும் இழுத்துவிட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் எழுத ஒரு பெயரும் வரவில்லை. அப்படியே விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் தாள் சற்றுச் சரிந்து, காந்தம் இடம் மாறியிருந்தது. வாசித்திருக்கிறாள். கிழிக்கவில்லை. பதிலும் எழுதவில்லை. இன்று ஐந்தாம் நாள். பாலெடுக்க ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள், வேலைக்குப் போகிறாள். செவ்வாய்க்கிழமை நான் இந்தத் தலையோடு தூதரகத்துக்குப் போவேன். உயிரோடு இருக்கிறேன் என்று முத்திரை குத்தித் தருவார்கள்.

என் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. நிலுவையில் இருப்பது மறுக்கப்பட்டதை விட மேல் என்று முப்பத்துநான்கு வருடம் சனங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒருவரும் என்னை நம்பிப் போகவில்லை.